கம்பெனி படிக்க வைக்கிறது, சேரலாமா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். யார், எங்கே என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 36. டிப்ளமோ முடித்தவர். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 12 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். மூன்று ஷிப்ட், வாரம் ஒருமுறை மாறும். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். அவருடைய நிறுவனம் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, வேலையை விடாமலே பட்டம் படிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. மூன்று ஆண்டுப் பட்டத்தில் டிப்ளமோகாரர்களுக்கு முதல் ஆண்டுப் பாடம் கிடையாது. மீதி இரண்டு ஆண்டுப் பாடத்தை நான்கு ஆண்டில் முடிக்க வேண்டும். வகுப்பு இணையவழியில். ‘எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், கட்டணம் முழுக்க இலவசம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் அணியில் 30 பேர் சேர்ந்தார்கள். இப்போது கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள் 13 பேர். இரண்டாம் அணிக்கு விண்ணப்பம் வாங்குகிறார்கள். சேருகிறவர்கள் பட்டம் வாங்கியபின் 3 ஆண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும், இடையில் போனால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பாண்டில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

இதற்கு நடுவே நிர்வாகம் அவரை இன்னொரு வேலையிலும் மாட்டிவிட்டது. முதல் அணி எப்படிப் போனது என்று பார்த்து ஆறு வாரத்தில் அறிக்கை கொடுக்க ஐந்து பேர் குழு ஒன்றைப் போட்டு, ‘தரம் பார்ப்பதுதானே உங்கள் வேலை’ என்று இவரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். ஹெச்.ஆர். பிரிவு குழுவின் கையில் கொடுத்திருப்பது ஒரே ஒரு தாள்: மாணவர் திருப்தி மதிப்பெண், 5க்கு 4.6.

அவர் கேட்பது இதுதான்: “நான் சேரலாமா? என் 12 வருட அனுபவத்துக்குப் பாடத்தில் கழிவு கிடைக்கும்தானே? படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் கழன்றுகொண்டார்கள். நான் அப்படி இல்லை. அறிக்கையில் குறை எழுதினால் எனக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமா? கம்பெனியை நம்பாதே, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நீயே சேர்ந்துவிடு என்கிறார் அண்ணன். அது சரியா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. ‘படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் கழன்றுகொண்டார்கள்’ என்ற வரி. தரக்கட்டுப்பாட்டில் 12 வருடம் ஊறியவர் நீங்கள். ஒரு லாட்டில் 30 பீஸுக்கு 17 ரிஜெக்ட் ஆனால், பீஸுக்கு அக்கறை போதவில்லை என்று ரிப்போர்ட் எழுதுவீர்களா? மெஷின் செட்டிங்கைப் பார்ப்பீர்கள். மூலப்பொருளைப் பார்ப்பீர்கள். எந்த ஷிப்டில் ஓடியது என்று பார்ப்பீர்கள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறோம்? 30 பேரில் இரண்டு மூன்று பேர் சும்மா பெயர் கொடுத்தவர்களாக இருக்கலாம். 17 பேர் அப்படி இருக்க மாட்டார்கள்.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத்தில், நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும் அலுவலகத்தில் இருந்தேன். ஒரு கிடங்கின் ஊழியர்களுக்காகப் படிப்பு ஒன்று நடத்தினோம். முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த கூட்டத்தின் குறிப்பேட்டில் ‘மாணவர்களின் ஆர்வக் குறைவு’ என்று பதிவானது. அதில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு மாதம் கழித்துதான் தெரிந்தது, நாங்கள் தேர்வு வைத்த நாளில்தான் கிடங்கில் வருடாந்திரச் சரக்குக் கணக்கெடுப்பு. அன்றைக்கு லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைக் கூடப் பார்க்க மாட்டார். தேதி வைப்பதற்கு முன் ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை; அவர்களாகவும் சொல்லவில்லை. வராதவர்களில் மூன்று பேர் அதோடு படிப்பையே விட்டுவிட்டார்கள்.

நெகிழ்வான கல்வி என்று எல்லோரும் பேசுகிறோம். நெகிழ்ந்துகொடுப்பது யார் என்று கேட்பதில்லை. பல்கலைக்கழகம் தேர்வுத் தேதியை நகர்த்தாது. கம்பெனி ஷிப்டை மாற்றாது. நடுவில் இருக்கிறவர் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வளைந்துகொடுப்பார். அதற்கு நெகிழ்வு என்று பெயர் வைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறோம். நீங்கள் சேருவதா என்ற கேள்விக்கும், அறிக்கையில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

‘எப்போது வேண்டுமானாலும்’ என்றால் எவ்வளவு நேரம்?

ஒரு கணக்குப் போடுவோம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பு ஒரு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு: வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வுக்குத் தயாராவது எல்லாம் சேர்த்து. ஆக ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். உங்கள் திட்டத்தில் இரண்டு ஆண்டுப் பாடத்தை நான்கு ஆண்டாக இழுத்திருக்கிறார்கள். அப்படியானால் ஆண்டுக்கு 750 முதல் 900 மணி நேரம். பண்டிகை, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் போக 45 வாரம் கிடைக்கிறது என்று வைத்தால் வாரத்துக்கு 17 முதல் 20 மணி நேரம். கிரெடிட் கணக்கு நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆனால் ஒழுங்கான பட்டம் எதுவும் இதற்கு வெகு கீழே போகாது.

20 மணி நேரம் என்றால் உங்கள் மொழியில் இரண்டரை ஷிப்ட். ஒவ்வொரு வாரமும், நான்கு ஆண்டு. ‘எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்’ என்ற வாசகத்தை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரத்தைத் தருகிறேன் என்று அதில் யாரும் சொல்லவில்லை. நேரத்தை நீயே தேடிக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

வேலையையும் படிப்பையும் கோப்பது புது யோசனை இல்லை. 1906ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் இதைத் தொடங்கினார். மாணவர்கள் தொழிற்சாலையிலும் வகுப்பிலும் மாறி மாறி இருந்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957ல் தொடங்கப்பட்டதே இந்த முறையோடுதான். ஜெர்மனியில் பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தின் இரட்டைமுறைப் பல்கலைக்கழகம் 2009ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதன் முன்னோடிக் கல்விக்கூடங்கள் 1974லேயே வந்துவிட்டன. அங்கே ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம். வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் சம்பளம் வரும். இங்கிலாந்தில் 2015ல் வந்த பட்டத் தொழிற்பயிற்சித் திட்டத்தில், அன்றாட வேலையிலிருந்து விலகிப் படிக்கும் பயிற்சி சம்பளம் வாங்கும் வேலை நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது விதி.

இவற்றை வரிசையாகச் சொல்வது பெருமைக்காக இல்லை. பார்த்தால் எல்லாவற்றிலும் ஒன்று பொது: ஆள் எப்போது வேலையில் இருப்பார், எப்போது படிப்பில் இருப்பார் என்று இரண்டு பக்கமும் முதலிலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நேரம் ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டணம் யாருடையது, சின்னத்தை யார் எங்கே பயன்படுத்தலாம் என்றெல்லாம் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற வரி இருக்கிறதா என்று குழு உறுப்பினராகக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லை என்பது என் ஊகம். 1974ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்புக்கென்றே 140ஆம் எண் உடன்படிக்கை ஒன்றை ஏற்றது. அதை ஏற்று உறுதிசெய்த நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். என்றாலும் அறிக்கையில் ‘படிப்பு நேரம் கேட்பது சலுகை கேட்பதல்ல’ என்று எழுத அது ஒரு பிடி.

‘இலவசம்’ என்ற சொல்லும் அந்த பாண்டும்

பாண்டில் கையெழுத்துப் போட்டபின் அது இலவசம் இல்லை, கடன். மூன்று ஆண்டு இருந்தால் தள்ளுபடி ஆகும் கடன். நான்கும் மூன்றும் ஏழு. 36 வயதில் சேர்ந்தால் 43 வரைக்கும் அந்தக் கணக்கு உங்கள் பெயரில் ஓடும். அதற்குள் வீட்டில் ஒரு மாற்றம், பிள்ளைகளின் படிப்புக்காக வேறு ஊர், வேறு இடத்தில் நல்ல வேலை என்று ஏதாவது வரத்தான் செய்யும்.

நிறுவனம் பணம் போட்டுப் படிக்க வைத்தால் இந்த நிபந்தனை இயல்புதானே என்று நினைப்பீர்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்தின் தொழிற்பயிற்சி நிதி விதிகளின்படி, பயிற்சிச் செலவைப் பயிற்சி பெறுபவரிடம் கேட்கவே கூடாது. அவர் பாதியில் விலகினாலும் கூடாது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2014ல் ஊழியர்களுக்காகப் பட்டத் திட்டம் தொடங்கியபோது, முடித்தபின் நிறுவனத்திலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வைக்கவில்லை. ஆகவே பாண்டை மாற்றச் சொல்லிக் கேட்பது ஒன்றும் அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

பாண்ட் செல்லுமா செல்லாதா என்பது உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. பொதுவாக நீதிமன்றங்கள், கேட்கும் தொகை உண்மையில் செலவான தொகைக்குப் பொருத்தமானதா, கட்டிவைக்கும் காலம் நியாயமானதா என்று பார்க்கும். ஆனால் வழக்குக்குப் போய் ஜெயிக்கலாம் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அவர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். நான் கேட்கச் சொல்வது நான்கு:

1. திருப்பித் தர வேண்டிய தொகை மாதா மாதம் குறைய வேண்டும். 36 மாதத்தில் 30 மாதம் வேலை பார்த்தவரும் முதல் வாரமே போனவரும் ஒரே தொகை கட்டுவது என்ன நியாயம்?

2. நிறுவனமே ஆட்குறைப்பு செய்தாலோ, ஆலையை மூடினாலோ, வேறு ஊருக்கு மாற்றினாலோ நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் வேண்டும்.

3. தேர்வு நாளில் ஷிப்ட் மாற்றித் தராததால் தவறிய பாடத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. இதைக் கேட்டால் ஹெச்.ஆர். நெளிவார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

4. ‘முழுக் கட்டணம்’ என்ற சொல்லுக்குப் பதிலாக, நிறுவனம் உங்களுக்காகப் பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் கட்டிய தொகை என்று இருக்க வேண்டும். மொத்தமாக ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைக் குறைத்துத் தருவதுண்டு. நானே அப்படிக் குறைத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். வசூலிக்கும்போது மட்டும் விளம்பரத்தில் இருக்கும் கட்டணம் வந்துவிடும்.

12 ஆண்டு அனுபவத்துக்குக் கழிவு

இதில் நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டு நம்பியிருக்கிறீர்கள். அனுபவத்துக்குக் கிரெடிட் தரும் வழி உண்மையிலேயே உண்டு. பிரான்ஸில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, வேலை அனுபவத்தை மெய்ப்பித்து முழுப் பட்டயமே வாங்கலாம். ஆனால் எங்கேயும் ஆண்டுகளை எண்ணிக் கிரெடிட் தருவதில்லை. அந்த ஆண்டுகளில் என்ன கற்றீர்கள், அது இந்தப் பாடத்தின் எந்தப் பகுதிக்குச் சமம் என்று நீங்கள் காட்ட வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் இவ்வளவுக்கு மேல் தர மாட்டோம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கும். சில இடங்களில் டிப்ளமோவுக்காகக் கழித்த முதல் ஆண்டும் அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடும். அப்படியானால் உங்களுக்கு மிச்சம் ஒன்றும் இராது. இதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

இருக்கிறது என்று பதில் வந்தால் ஒரு கோப்பு தயாரியுங்கள். நீங்கள் போட்ட கட்டுப்பாட்டு வரைபடங்கள், ஒரு பழுதின் மூலகாரணத்தைத் தேடிப் பிடித்த அறிக்கை, புதிதாக வந்தவர்களுக்கு நீங்கள் நடத்திய பயிற்சியின் குறிப்பு, தணிக்கையில் உங்கள் பங்கு. ‘தரக்கட்டுப்பாட்டில் 12 ஆண்டு’ என்று ஒரு வரி எழுதுவதைவிட, புள்ளியியல் பாடத்தில் வரும் மாதிரியெடுப்பு முறையை எந்த லாட்டில், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் மதிப்பிடுபவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே எச்சரிக்கை: இவையெல்லாம் கம்பெனியின் ஆவணங்கள். வெளியே கொடுக்க அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் பெயர்களை மறைத்துக் கொடுங்கள்.

பட்டத்தில் யார் கையெழுத்து?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பதால் சான்றிதழும் பெரியது என்று கொள்ளாதீர்கள். பட்டமா, சான்றிதழா, பல்கலைக்கழகமே தருகிறதா, அதன் பெயரில் இயங்கும் பயிற்சிப் பிரிவு தருகிறதா, உங்கள் நாட்டின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பு இந்தப் படிப்பை, இந்த முறையில் நடத்த அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் பல்கலைக்கழகம் முடிக்கவைக்குமா என்று கேளுங்கள். வேலையை விட்டால் சொந்தப் பணத்தில் தொடர முடியுமா என்றும் கேளுங்கள். அப்புறம், உங்கள் மதிப்பெண் நிறுவனத்துக்குப் போகுமா? தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் போவது வேறு, எந்தப் பாடத்தில் எத்தனை என்று உங்கள் மேலதிகாரியின் மேசைக்குப் போவது வேறு.

அறிக்கை

இனி குழுவுக்கு வருவோம். அந்த 4.6ஐ யார் நிரப்பினார்கள், எப்போது நிரப்பினார்கள் என்று கேளுங்கள். கடைசி செமஸ்டரில் எடுத்திருந்தால் அது மிஞ்சிய 13 பேரின் திருப்தி. கரை சேர்ந்தவர்களிடம் மட்டும் ஆற்றின் ஆழத்தைக் கேட்ட கதை. பயிற்சியை மதிப்பிட 1959ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் சொன்ன நான்கு படிகள் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக்கொள்வது: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அது தெரிகிறதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. உங்கள் கையில் இருப்பது முதல் படி, அதுவும் பாதி.

17 பேரையும் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கு மேலதிகாரியாக இல்லாத யாராவது பேச வேண்டும். ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்டால் எல்லோரும் ‘நேரம் இல்லை’ என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘எந்த வாரம் கடைசியாகப் புத்தகத்தைத் திறந்தீர்கள்’ என்று கேளுங்கள். அவர்களுக்கு நினைவில்லாவிட்டாலும், கடைசியாக இணைய வகுப்பில் நுழைந்த தேதி பல்கலைக்கழகத்திடம் இருக்கும். தேவையானால் அவர்களுடைய சம்மதத்தோடு வாங்கலாம்.

பிறகு சுவரில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு பெரிய தாளை எடுங்கள். செமஸ்டரின் வாரங்களைக் குறுக்கே எழுதி, மேல் வரிசையில் அசைன்மென்ட் கெடுவும் தேர்வும், அதற்குக் கீழே ஷிப்ட் ரோஸ்டர், அதற்கும் கீழே ஓவர்டைம் அதிகமான வாரங்களும் வாடிக்கையாளர் தணிக்கை வந்த வாரங்களும். ஒவ்வொருவரும் நின்றுபோன வாரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிகள் சிதறிக் கிடந்தால் ஆளுக்கொரு காரணம் இருந்திருக்கிறது. குவிந்து கிடந்தால் அந்த இடத்தில் திட்டத்தின் பழுது இருக்கிறது. நான் பார்த்த திட்டங்களில் பெரும்பாலும் குவிந்துதான் கிடந்தன. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் நேரலை வகுப்பு வைத்த வாரம், முதல் கெடு வந்த வாரம், இப்படி. இந்த ஒரு தாளை எல்லோரும் பார்க்கிற மாதிரி மேசையில் விரித்தால் பத்துப் பக்க அறிக்கை தேவைப்படாது.

எண்களில் ஒரு இடத்தில் கவனம். முடித்தவர்களின் விகிதம் சொல்லும்போது கீழே வரும் எண் 30 ஆகவே இருக்கட்டும். 30க்கு 13 என்றால் 43 சதவீதம். கடைசி ஆண்டுக்கு வந்தவர்களில் இத்தனை பேர் முடித்தார்கள் என்று கீழ் எண்ணை மெல்லச் சுருக்கினால் அதே திட்டம் 90ஐத் தாண்டும். அதேபோல, படித்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தது என்று யாராவது சொன்னால், அவர்களை முதலில் தேர்ந்தெடுத்தது யார் என்று கேளுங்கள். மேலே வரப்போகிறவர்கள் என்று மேலதிகாரி ஏற்கெனவே நினைத்தவர்களைத்தான் அனுப்பினார் என்றால், உயர்வு படிப்பால் வந்ததா, அவர் நினைத்ததால் வந்ததா? விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்கள் நான்கு ஆண்டில் எங்கே இருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெளியும்.

விண்ணப்பிக்கவே இல்லாதவர்களையும் மறக்காதீர்கள். இரவு ஷிப்டிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வாய்ப்பே உண்டா?

பல்கலைக்கழகப் பக்கமும் இரண்டு கேள்வி. உங்கள் நிறுவனத்துக்காகப் பாடத்தில் எதையாவது மாற்றினார்களா, அல்லது வளாகத்தில் நடக்கும் பாடத்தைப் படம் பிடித்து ஏற்றிவிட்டார்களா? இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நிறுவனம் கேட்டது என்று ஒரே மெஷின், ஒரே மென்பொருள் என்று பாடத்தைக் குறுக்கினால், கம்பெனிக்கு வெளியே அந்தப் பட்டத்துக்கு மதிப்பு இராது. ரெண்டாவது, வேலையிடத்து புராஜெக்டுக்கு மதிப்பெண் போடுவது யார்? சூப்பர்வைசர் கருத்துச் சொல்லட்டும். மதிப்பெண் பேராசிரியர் கையில் இருக்க வேண்டும். சம்பள உயர்வும் தேர்ச்சியும் ஒரே ஆளின் கையில் இருந்தால், புராஜெக்டில் நிறுவனத்தின் குறையை எந்த மாணவர் எழுதுவார்?

உங்கள் பயம்

குறை எழுதினால் இடம் போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆபத்தைக் குறைக்க வழி சொல்கிறேன். குழுவில் இருந்துகொண்டே விண்ணப்பதாரராகவும் இருப்பது சிக்கல். நாளைக்கு அறிக்கை பாராட்டாக வந்தாலும், இடத்துக்காக எழுதினார் என்பார்கள். ஆகவே ‘நான் இரண்டாம் அணிக்கு விண்ணப்பிக்க யோசித்து வருகிறேன்’ என்று குழுத் தலைவருக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவதாக, அறிக்கையில் ‘திட்டம் மோசமாக நடத்தப்பட்டது’ போன்ற வாசகம் வேண்டாம். ‘9ஆம் வாரத்தில் கெடுவும் தணிக்கையும் ஒன்றாக வந்தன, அந்த வாரம் 6 பேர் நின்றார்கள்’ என்கிற மாதிரி, நீங்கள் கண்டதை அப்படியே எழுதுங்கள். உங்கள் பிரிவில் தினமும் எழுதும் நடைதான் அது. ஐந்து பேரும் கையெழுத்திட்டால் தனியாக உங்கள் மேல் பாயாது.

அண்ணன் சொன்னது

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 1969ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்தகுதி கேட்காமல் வேலை பார்ப்பவர்களைச் சேர்த்தது; அதைப் பார்த்துப் பல நாடுகளில் இப்படிப்பட்டவை வந்தன. அங்கே பாண்ட் கிடையாது, மதிப்பெண்ணை மேலதிகாரி பார்க்க மாட்டார், வேலை மாறினாலும் படிப்பு கூடவே வரும். கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். இன்னொன்றும் போகும், அதை அண்ணன் கவனித்திருக்க மாட்டார்: ஷிப்ட் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் உரிமை. கம்பெனித் திட்டத்தில் இருந்தால் அந்தப் பேச்சையாவது எடுக்கலாம். தனியாகப் படிப்பவர் தேர்வுக்கு லீவு கேட்டால் அது சொந்தக் காரியம்.

நடுவழியாகச் சிலர், சிறு படிப்புகளுக்குத் தரும் குறுஞ்சான்றிதழ்களைச் சொல்வார்கள். 2022ல் ஐரோப்பிய ஒன்றிய கவுன்சில் இவற்றுக்குப் பொதுவான வரையறை வேண்டும் என்று பரிந்துரைத்த பிறகு பேச்சு அதிகம். நல்லவை இருக்கின்றன. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பட்டம் ஆக்கலாம் என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம், எத்தனை கிரெடிட் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் தடுமாறினால் அது வெறும் தாள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். விண்ணப்பத்தை மட்டும் கொடுத்துவையுங்கள். உங்கள் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, வேலை நேரத்தில் வாரத்துக்கு அரை ஷிப்டாவது படிப்புக்கு ஒதுக்குவதாகவும், தேர்வு நாட்களில் ரோஸ்டரில் உங்கள் பெயர் வராது என்றும் எழுத்தில் தந்து, பாண்டிலும் முதல் இரண்டு திருத்தத்தையாவது செய்தால் சேருங்கள். மீதி இரண்டு ஷிப்ட் நேரத்தை வீட்டில் தேட வேண்டியிருக்கும். பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து யார் எதைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். நிறுவனம் எதுவும் எழுதித் தரவில்லை என்றால் அண்ணன் வழிக்குப் போங்கள், ஆனால் முதல் ஆண்டு பாதிப் பாடம் மட்டும் எடுங்கள்.

பாண்டின் நகலில் பெயர்களை அடித்துவிட்டு அனுப்பினால் வாசகங்களைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் அணியின் முதல் செமஸ்டர் ரோஸ்டரை மட்டும் இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய ரோஸ்டர்களை யாரும் ரொம்ப நாள் வைத்திருப்பதில்லை.